சுடுதண்ணிக்கு ஒரு முறைப்பாடு

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் துப்பறிவாளர் சண்முகலிங்கம் தன் அலுவலகத்தைத் திறந்தார். டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் அவர் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் நிலவறையில், எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறைதான் அலுவலகம். அவர் மனைவி ராசமலர் வீட்டுக்குள் வழக்குகளை அனுமதிப்பதில்லை. புதன்கிழமை நாலிலிருந்து ஆறு வரை தோய்க்கும் முறை அவர்களுடையது என்பதால், அழுக்கு உடுப்போடு கணவரையும் சேர்த்துக் கீழே அனுப்பிவிடுவாள்.

காலையில் பள்ளிக்கூடமொன்றில் தரை துடைப்பது அவருக்குத் தொழில். துப்பறிவது புகழ். போன வருடம் ஒருவரின் தொலைந்துபோன பாஸ்போட்டை அரிசி மூட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு களவுபோன சைக்கிளொன்றை இருபத்துநாலு மணித்தியாலத்தில் கண்டுபிடித்தார். அந்தச் சைக்கிள் அவருடையதுதான், நிறுத்திய இடத்தை மறந்தவரும் அவர்தான் என்பதைக் கோல்டிங்கிலோ விபோர்க்கிலோ இருந்த தமிழர் யாரும் பெரிதுபடுத்தவில்லை. 1988 ஒக்டோபரில் அவர்களுக்கு வேறு துப்பறிவாளரும் இருக்கவில்லை.

உலர்த்தும் மெசினுக்கு மேல் ஏறி உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தவள் மேரிகிறேஸ். யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரி, முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. சண்முகலிங்கத்திடம் இல்லாத மூன்று அவளிடம் இருந்தன: ஒரு கார், அதை ஓட்டுவதற்கான லைசென்ஸ், டேனிஷ்காரர் கதைத்தால் விளங்குகிற காது. இவை மூன்றையும் வைத்துக்கொண்டு அவள் உதவியாளராகவும், ஒன்றும் இல்லாத தான் தலைவராகவும் இருப்பது ஏன் என்று அவர் சில வேளை யோசித்ததுண்டு. யோசித்தது அதிக நேரம் நீடித்ததில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சூசைப்பிள்ளை உள்ளே வந்தார். நாற்பது வயது, மட்டக்களப்புக் கடற்கரைக்காரர், சொசேஜ் தொழிற்சாலையில் வேலை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சண்முகலிங்கம் ஒரே பார்வையில் ஆளை அளந்தார். "மழையில வந்திருக்கிறியள்."

"இல்லை அண்ணன். பச்சைத்தண்ணியில குளிச்சிட்டு அப்பிடியே வாறன்."

"வெளியில நல்ல வெயில் அண்ணை," என்றாள் மேரிகிறேஸ். "நீங்கள்தான் நாலு மணியில இருந்து இஞ்ச கீழ இருக்கிறியள்."

சூசைப்பிள்ளை ஒரு கடிதத்தை நீட்டினார். கொம்யூன் எனப்படும் நகரசபையின் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். சண்முகலிங்கம் அதை விரல் நுனியால் வாங்கி, ராசமலர் சொக்ஸ் போட்டு அனுப்பிய பிளாஸ்ரிக் பைக்குள் வைத்தார்.

"விரலடையாளம்," என்றார்.

"அதை எடுக்கத் தூவுற மா உங்களிட்ட இருக்கோ?" என்று கேட்டாள் மேரிகிறேஸ்.

"அது பிறகு. முதல்ல கடிதத்தைப் பாப்பம்."

பையின் ஊடாகவே வாசித்தார். நாலு வரி. சூசைப்பிள்ளையின் வீட்டிலுள்ள, இருபத்திரண்டு வருடப் பழமையான சுடுதண்ணி ஹீற்றர் தொடர்பாக ஒரு 'அன்மெல்டெல்ஸ்' கிடைத்திருக்கிறது. பதினாலு நாட்களுக்குள் அடையாள அட்டையோடு நேரில் வந்து விளக்கம் தரவும். இணைப்பு ஒன்று. இணைப்பைக் காணவில்லை.

சண்முகலிங்கம் சட்டைப் பையிலிருந்து சின்ன அகராதியை எடுத்தார். ஒரு சொல்லுக்கு நாலு பொருள் போட்டிருந்தால் முதலாவதோடு நிறுத்திக்கொள்வது அவர் வழக்கம். மிச்சம் மூன்றும் தன்னம்பிக்கை இல்லாதவர்களுக்கு என்பது அவர் கருத்து.

"முறைப்பாடு," என்று அறிவித்தார். "ஒருத்தரைப் பற்றி அதிகாரத்திட்டப் போட்டுக் குடுக்கிறது. சூசைப்பிள்ளை, உங்கட ஹீற்றரைப் பற்றி ஆரோ எழுதிக் குடுத்திருக்கினம்."

சூசைப்பிள்ளை பக்கத்திலிருந்த அழுக்கு உடுப்புக் கூடையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மனிதரின் நிலைமை அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். அவர் மனைவி லூர்தம்மா இரண்டு பெண்பிள்ளைகளோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அவர்களை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பத்தொன்பது மாதமாகிவிட்டது. கோபன்ஹேகனிலிருந்து ஆம் என்றும் இல்லை, மாட்டோம் என்றும் இல்லை. அவர்கள் வந்தால் இருப்பதற்கென்று வசந்தத்தில் துறைமுகப் பக்கமாக ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார் சூசைப்பிள்ளை. வீட்டில் எல்லாம் நன்றாக இருந்தது, காஸில் எரியும் பழைய ஹீற்றரைத் தவிர. அது ஒழுகியது, அணைந்தது, நினைத்தால் எரிந்தது. மாற்றிக்கொள், ஆனால் கொம்யூனின் அனுமதியை நீதான் எடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மூன்று கிழமைக்கு முன்னர் அந்த அனுமதிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் சண்முகலிங்கம்.

"அப்ப நாங்க போட்ட விண்ணப்பம் என்ன ஆச்சு அண்ணன்?"

"அங்கதான் இருக்குது விசயம்!" சண்முகலிங்கம் மெசின்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார். "எங்கட விண்ணப்பத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில ஒரு சொல்லு இல்லை. கவனிச்சனீரோ கிறேஸ்? நாங்கள் ஒழுங்கா எழுதிக் குடுத்ததுக்குப் பதில் இல்லை. ஆரோ ஒருத்தன் குடுத்த முறைப்பாடு எங்கட விண்ணப்பத்தை விழுங்கிப்போட்டுது."

மேரிகிறேஸ் கடலைத் தோலை ஊதினாள். "அண்ணை, அந்தச் சொல்லுக்கு வேற கருத்தும் இருக்குது. எங்கட இல்லத்தில ஒரு கிழவர் பேப்பரில படத்தைப் பற்றி வாற விமர்சனத்தையும் அன்மெல்டெல்ஸ் எண்டுதான் சொல்லுறவர்."

"அப்ப ஆரோ ஹீற்றரைப் பாத்திட்டு விமர்சனம் எழுதியிருக்கினமோ? நடிப்பு நல்லம், ஒழுக்கு கூட எண்டு?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் தன் பகிடியில் மயங்கி, அந்தத் தடயத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

சூசைப்பிள்ளை சிரிக்கவில்லை. "பேரில ஒரு முறைப்பாடு கிடந்தா, லூர்தம்மாவை விடுவாங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் துப்பறிவாளர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல் வந்தால் பிறகு யார் அவரைத் தேடி நிலவறைக்கு இறங்கி வருவார்கள்? சண்முகலிங்கம் நெற்றியைச் சுருக்கி, "கஷ்டம்," என்றார்.

அந்த ஒற்றைச் சொல் செய்த வேலையைப் பார்த்து அவரே திடுக்கிட்டார். சூசைப்பிள்ளை எழுந்து நின்றார். "அப்ப நான் வீட்டை விட்டிடுறன். கோல்டிங்கில சிவபாலன்ட அறையில ஒரு இடம் கிடக்கு. நாளைக்குப் பின்னேரம் வீட்டுக்காரனிட்டத் திறப்பைக் குடுத்திட்டா, முறைப்பாடும் வீட்டோட போயிரும்தானே?"

"வீடு போனால் லூர்தம்மா வந்து எங்க இருக்கிறது?" என்று கேட்டாள் மேரிகிறேஸ்.

"வந்தாத்தானே பிள்ளை."

சண்முகலிங்கம் கையை உயர்த்தினார். "நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ. முறைப்பாடு குடுத்தவன் ஆரெண்டு கண்டுபிடிச்சு, அவன்ர வாயாலயே வாபஸ் வாங்க வைக்கிறன்."

வழக்கைத் தன் குறிப்புப் புத்தகத்தில் பச்சை மையால் பதிந்துகொண்டார். மூன்றாம் இலக்க மெசின் தோய்த்து முடித்து மணியடித்தது.

*

வியாழக்கிழமை மதியம் இருவரும் துறைமுக வீட்டுக்குப் போனார்கள். சூசைப்பிள்ளை வேலையில் இருந்தார், திறப்பைத் தந்திருந்தார்.

ஹீற்றர் குசினிக்குப் பக்கத்தில் ஓர் அலுமாரிக்குள் இருந்தது. ஒழுக்கை நிறுத்த அதன் குழாயில் மீன்பிடி நைலோன் நூலால் சுற்றிக் கட்டியிருந்தார் சூசைப்பிள்ளை. கடலில் நின்று பிடிக்கும் முடிச்சு, காஸ் ஹீற்றரில் தோற்றுப்போயிருந்தது.

"இருபத்திரண்டு வருசம்," என்று முணுமுணுத்தார் சண்முகலிங்கம். "கடிதத்தில அப்பிடித்தானே கிடக்குது. அது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தலையை அலுமாரிக்குள் நுழைத்து, ஹீற்றரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு சின்னத் தகடு. 1966 என்று பொறித்திருந்தது. தலையை வெளியே எடுத்தபோது நெற்றியில் கரி, முகத்தில் வெற்றி.

"தகடு பின்னுக்கு இருக்குது, கிறேஸ். வெளியில நிண்டு பாக்கிறவனுக்குத் தெரியாது. முறைப்பாடு குடுத்தவன் இந்த வீட்டுக்குள்ள வந்திருக்கிறான். தலையை இதுக்குள்ள விட்டுப் பாத்திருக்கிறான்."

"இதுக்குள்ள தலையை விட்ட ஆக்கள் ஆராரண்ணை?"

"சூசைப்பிள்ளை. விண்ணப்பம் நிரப்பிறதுக்காக நான். ரோர்ச் பிடிச்ச நீர்."

"அப்ப சந்தேகத்துக்குரிய ஆக்கள் மூண்டு பேர்."

"துப்பறியிறவரை முதல்ல கழிக்க வேணும். அதுதான் விதி. அவரை நம்பாட்டி வழக்கே நடக்காது." நெற்றியைத் துடைத்தார், கரி காதுவரை பரவியது. "நாலாவதா ஒருத்தர் வந்திருக்கிறார். ஏணியோட. சூசைப்பிள்ளை சொன்னவர், போன மாதம் புகைக்குழாயைப் பாக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தவர் எண்டு."

பக்கத்து வீட்டுக்காரர் பிரேபன் என்று பெயர்கொண்ட ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். அந்த நேரம் வேலிக்கு அந்தப்பக்கம் நாயோடு நின்றார். கையில் ஒரு குறிப்புப் புத்தகம். ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. பிரேபன் மணிக்கூட்டைப் பார்த்து எதையோ எழுதினார். பிறகு இவர்கள் நின்ற ஜன்னலைப் பார்த்தார்.

"கண்டீரோ? கண்காணிக்கிறான்."

"ரயில் பிந்தினதை எழுதுறார் அண்ணை. எங்கட இல்லத்திலயும் ஒரு ஆள் அப்பிடித்தான். வேலையை விட்டாலும் நேரத்தை விடாயினம்."

சண்முகலிங்கம் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். வேலியருகே நின்று, மனத்துக்குள் இரண்டு தரம் ஒத்திகை பார்த்த டேனிஷ் வாக்கியத்தை விட்டார். "இந்த வீட்டு ஹீற்றரைப் பற்றி நீங்கள் கொம்யூனுக்குச் சொன்னீர்களா?"

பிரேபன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். நெற்றியில் கரியோடு நின்ற அந்நியரை நாய் சந்தேகமாக முகர்ந்தது.

"சொன்னேன்," என்றார் பிரேபன். "இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். அந்தச் சனியனோடு ஒரு மனிதன் ஒரே வீட்டில் இருக்கலாமா?"

அதற்கு மேலும் அவர் சொல்லிக்கொண்டே போனார். யூலாந்து வட்டாரப் பேச்சு, ஒவ்வொரு சொல்லிலும் பாதி தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. சண்முகலிங்கத்துக்கு அது தேவைப்படவுமில்லை. குற்றவாளி ஒப்புக்கொண்ட பிறகு துப்பறிவாளர் நின்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. மேரிகிறேஸின் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்தார்.

"பொறுங்கோ அண்ணை, அவர் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை!"

"சனியன் எண்டானே, கேட்டனீரோ? சூசைப்பிள்ளையைத்தான் சொல்லுறான். தமிழன் பக்கத்தில இருக்கிறது பிடிக்கேல்லை. வெளிச்சமான விசயம். இனி எழுத்தில ஆதாரம் எடுக்க வேணும். விடும் காரை."

"அவர் ஹீற்றரையெல்லோ..."

"விடும் காரை!"

அவள் விட்டாள். அவர் சீற் பெல்ட் போட மறந்ததை நினைவூட்டினாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கு வெற்றி முகத்தில் ஏறியிருக்கும் நேரங்களில் அவள் அப்படித்தான். விழுகிற இடம் வரும்வரை கூடவே வருவாள்.

*

வியாழக்கிழமைகளில் கொம்யூன் அலுவலகம் பின்னேரமும் திறந்திருக்கும். இலக்கத்துண்டு எடுத்துக்கொண்டு இருந்தார்கள். அறுபத்தேழு. சுவரில் நாற்பத்தொன்று எரிந்தது. சண்முகலிங்கம் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. பிரேபன் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கும் காட்சியை மூன்று விதமாகக் கற்பனை செய்து பார்த்தார்.

கட்டட அனுமதிப் பிரிவில் மஞ்சள் கம்பளிச்சட்டை போட்ட ஒரு பெண் இருந்தாள். கடிதத்தைச் சொக்ஸ் பையோடு வாங்கிப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அப்பாடா, வந்துவிட்டீர்கள்! நீங்களா சூசைப்பிள்ளை?"

"அவருடைய பிரதிநிதி," என்றார் சண்முகலிங்கம். சூசைப்பிள்ளை கையொப்பமிட்ட அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையின் பிரதியையும் வைத்தார். "எனக்கு அந்த அன்மெல்டெல்ஸ் வேண்டும். கொடுத்தவனின் பெயரும் வேண்டும்."

அவள் அவர் சொன்னதை ஒருமுறை மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தாள். பிறகு கோப்பைத் திறந்தாள். "இதை எங்கள் பிரிவில் நாலு பேர் வாசித்தோம். ஒருவர் இது நோர்வே மொழி என்கிறார். எதற்கும் ஆளை நேரில் கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்றுதான் கடிதம் போட்டோம். வாசிக்கட்டுமா?"

அவள் வாசித்தாள். டேனிஷ்காரி வாசிக்கிற டேனிஷ். எழுத்தில் பாதியை விழுங்கி, மீதியை மூக்கால் விட்டாள். சண்முகலிங்கத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மேரிகிறேஸைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

"மதிப்புக்குரிய கொம்யூன் அவர்களே. என் பெட்டி வயது போனது. இருபத்திரண்டு வருடமாக அழுகிறது. நான் சூடாக இருக்க எனக்கு அனுமதி வேண்டும். என் மனைவி வந்ததும் அவளையும் சூடாக்க வேண்டும். புதியது வந்த அன்றே கிழத்தை நானே கொன்றுவிடுவேன். உடன் பதில் தருக."

சண்முகலிங்கம் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"கொலை மிரட்டல்!"

"அண்ணை..."

"அப்பாவி மனிசன்ர பேரில ஆரோ கொலை மிரட்டல் எழுதியிருக்கிறான் கிறேஸ்! இது வெறும் முறைப்பாடு இல்லை, ஆள்மாறாட்டம்!"

அவர் குரல் உயர்ந்ததில் பின்னால் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள்சட்டைப் பெண் கவலையோடு தலையாட்டினாள். "கிழம் என்றால் எங்களுக்கு ஒரு வயதான ஆள். யாரைக் கொல்லப்போகிறார் என்பதுதான் எங்களுக்கும் விளங்கவில்லை."

சண்முகலிங்கம் இப்போது முழு வேகத்தில் இருந்தார். தடயமே இல்லாமல் ஆளைச் சொல்வதுதான் அவர் கலை; இங்கே தடயம் வேறு கிடைத்திருந்தது. "இதை எழுதினவன் ஆரெண்டு நான் சொல்லுறன் கேளும். டேனிஷ் தெரியாது, ஆனால் தெரியுமெண்டு நினைக்கிறான். அகராதியைத் திறந்து கண்ட முதல் சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறான். ஆரையும் கேக்க வெக்கம், தலைக்கனம். வீட்டில பெண்சாதியே மதிக்காத ஆளா இருப்பான்."

"இவ்வளவு துல்லியமா நீங்கள் ஒருநாளும் கண்டுபிடிச்சதில்லை அண்ணை," என்றாள் மேரிகிறேஸ். அவள் கண்கள் மேசையில் இருந்தன. மஞ்சள்சட்டைப் பெண் தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளியிருந்தாள்.

பச்சை மை.

ஊரில் கச்சேரி எனப்படும் அரச அலுவலகத்தில் கிளாக்காக இருந்த காலத்தில், பச்சை மையால் எழுதும் உரிமை மேலதிகாரிக்கு மட்டும்தான் இருந்தது. பதினொரு வருடம் அந்தப் பச்சையைப் பார்த்து ஏங்கிய சண்முகலிங்கம், டென்மார்க்கில் இறங்கிய முதல் மாதமே ஒரு பச்சைப் பேனை வாங்கினார். இங்கே யாரும் தடுக்கவில்லை. அந்தப் பேனை இப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தது. தாளில் இருந்த எழுத்து, கச்சேரிப் பாணியில் வலப்பக்கம் சரிந்த, அழகான, அவருடைய எழுத்து.

அறுபத்தெட்டாம் இலக்கத்துக்கு எங்கோ மணி அடித்தது.

"உங்களுக்கு இந்த ஆளைத் தெரியுமா?" என்று கேட்டாள் மஞ்சள்சட்டைப் பெண்.

"கொஞ்சம்," என்றார் சண்முகலிங்கம். "நான் நினைத்திருந்த அளவுக்குத் தெரியாது."

மேரிகிறேஸ் அவரை விட்டுவிட்டு நேரே விசயத்துக்குப் போனாள். அன்மெல்டெல்ஸ் என்றால் என்ன? அந்தப் பெண் சிரித்தபடி விளக்கினாள். பொலிசில் சொன்னால் அது முறைப்பாடு, பத்திரிகையில் எழுதினால் விமர்சனம், கொம்யூனில் ஹீற்றருக்கு எழுதிக் கொடுத்தால் வெறும் அறிவித்தல். இந்த வேலைக்கு விண்ணப்பத்தையே அப்படித்தான் அழைப்பார்கள். சூசைப்பிள்ளையின் பேரில் முறைப்பாடு ஒன்றும் இல்லை. ஒருபோதும் இருக்கவுமில்லை.

"இன்னொன்றும்," என்றாள். "பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இரண்டு தரம் தொலைபேசியில் எங்களை ஏசினார். நல்ல மனிதன் ஒருவன் குளிர்த் தண்ணீரில் குளிக்கிறான், நீங்கள் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று."

சண்முகலிங்கம் இலக்கத்துண்டைச் சிறிது சிறிதாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

புதிய படிவத்தை அந்தப் பெண்ணே நிரப்பினாள். மேரிகிறேஸ் சொல்லச் சொல்ல ஐந்து வரி. பழைய ஹீற்றர், ஒழுக்கு, புதியது, பதிவுபெற்ற வேலைக்காரர் பொருத்துவார், பழையது அகற்றப்படும். சூசைப்பிள்ளையின் கையொப்பம் மட்டும் இருந்தால் போதும், அடுத்த கிழமை அனுமதி தபாலில் வந்துவிடும் என்றாள். கிழத்தை அகற்றுவது என்று எழுதும்போது மட்டும் ஒருமுறை சண்முகலிங்கத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

காரில் ஏறினார்கள்.

"விதி சரியில்லை அண்ணை," என்றாள் மேரிகிறேஸ், கியரை மாற்றிக்கொண்டு. "துப்பறியிறவரைக் கழிச்சுப்போட்டுத் தொடங்கக்கூடாது."

"வாயை மூடிக்கொண்டு றோட்டைப் பாரும்."

"பெண்சாதியே மதிக்காத ஆள் எண்டதை ராசமலர் அக்காவிட்டச் சொல்லட்டோ?"

அந்தக் கேலி அவருக்கு எட்டவேயில்லை. தன் வாயிலிருந்து நேற்று விழுந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனிதர் இப்போது வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பார் என்ற நினைப்பு அவரைப் பிடித்திருந்தது. "கொஞ்சம் கெதியா விடும்," என்றார்.

*

சூசைப்பிள்ளை கதவடியில் நின்றார். காலடியில் ஒரு பயணப்பை. கையில் மேலதிகத் திறப்பு. வீட்டுக்காரர் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாராம்.

"சூசைப்பிள்ளை, அது... கொம்யூனில ஒரு சின்ன மொழிப் பிரச்சினை..." என்று தொடங்கினார் சண்முகலிங்கம்.

மேரிகிறேஸ் தொண்டையைச் செருமினாள்.

"நான்தான்," என்றார் அவர். "முறைப்பாடு இல்லை. நான் எழுதின விண்ணப்பம்தான் அது. அவங்களுக்கு விளங்கேல்லை. நீங்கள் ஆரையோ கொல்லப்போறியள் எண்டு நினைச்சிட்டாங்கள்." பிறகு, மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று, தான் எழுதியது முழுவதையும் சொன்னார். பெட்டி அழுவதையும், சூடாக இருக்க அனுமதி கேட்டதையும், மனைவியைச் சூடாக்குவதையும்.

சூசைப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசப்போகிறார் என்றுதான் சண்முகலிங்கம் நினைத்தார். ஏச்சு வாங்க ஆயத்தமாகவும் இருந்தார். ஆனால் சூசைப்பிள்ளையின் தோள் முதலில் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு அந்த மனிதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "அவளையும் சூடாக்க வேணும் எண்டா எழுதினீங்க? ஐயோ மாதாவே! லூர்தம்மா கேட்டா என்னை வெட்டிருவா!" மேரிகிறேஸும் சேர்ந்துகொண்டாள். கடைசியில் சண்முகலிங்கத்தாலும் அடக்க முடியவில்லை. வேலிக்கு அப்பால் பிரேபன் தலையை நீட்டிப் பார்த்தார். சண்முகலிங்கம் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பேச்சை முடிக்க விடாமல் ஓடியதற்காக என்று நினைத்து, பரவாயில்லை என்றார் அவர்.

பையை உள்ளே தூக்கிப் போனார்கள். படிவத்தில் சூசைப்பிள்ளை கையொப்பம் வைத்தார். மேரிகிறேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். சூசைப்பிள்ளை வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, வர வேண்டாம் என்றார். திரும்பி வந்து இருந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணன். லூர்தம்மாட விண்ணப்பம். அதையும் நீங்கதானே எழுதின?"

சண்முகலிங்கம் தன் பச்சைப் பேனையைச் சட்டைப் பைக்குள் ஆழத் தள்ளினார். பத்தொன்பது மாதம். கொழும்பு லொட்ஜில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். "பிரதி இருக்கோ?" என்று கேட்டார்.

சூசைப்பிள்ளை அறைக்குள் போய் ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்து வந்தார். ஞானஸ்நானப் பத்திரங்கள், ஒரு குடும்பப் படம், அவற்றின் அடியில் ஆறு பக்கம். பச்சை மை, பிரதியில் கறுப்பாக விழுந்திருந்தது. சண்முகலிங்கம் அதைத் தொடவில்லை. "நீர் பாரும்," என்றார்.

மேரிகிறேஸ் வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, முதியோர் இல்லத்தில் மருந்துத் துண்டு பார்ப்பதுபோல.

முதல் பக்கம் முடியும்வரை சண்முகலிங்கம் பயத்தோடு இருந்தார். இரண்டாம் பக்கத்தில் வேறொரு எண்ணம் வந்தது. பிழை இருந்தால் என்ன? பிழை இருந்தால் திருத்தலாம். ஒரு புதிய படிவம், கோபன்ஹேகனிலும் ஒரு மஞ்சள் கம்பளிச்சட்டை, ஐந்து வரி, ஒரு கிழமை. மூன்றாம் பக்கத்தில் அவருக்குப் பயமே போய்விட்டது. பிழை இருக்க வேண்டும் என்று விரும்பத் தொடங்கினார். மகளின் பிறந்த திகதியை மாறிப் போட்டிருக்க வேண்டும். மனைவி என்பதற்குப் பதிலாக வேறு ஏதோ சொல்லை எழுதியிருக்க வேண்டும். தான் பிழை விட்டிருக்க வேண்டும் என்று அவர் அவ்வளவு மன்றாடியது அதுவே முதல் தடவை.

"கலியாணப் பதிவு இலக்கம் சரி," என்றாள் மேரிகிறேஸ். "பிள்ளையளின்ர பேர் சரி. விலாசம் சரி."

"காரணம் எழுதுற இடத்தைப் பாரும். அங்கதான் வசனம் வரும்."

"பாத்திட்டன். வடிவான டேனிஷ்."

"இருக்காது."

"அண்ணை, இதை எழுதின நேரம் நீங்கள் வந்து ஒரு வருசமும் ஆகேல்லை. ஒண்டும் தெரியாது. பயத்தில ஒவ்வொரு சொல்லையும் வகுப்பு ரீச்சரிட்டக் காட்டிக் காட்டி எழுதினனீங்கள். எனக்கு நினைவிருக்குது."

அவருக்கும் நினைவு வந்தது. டேனிஷ் தெரியாத காலத்தில் அவர் பிழை விட்டதில்லை.

"இன்னொருக்காப் பாரும்."

அவள் இன்னொருக்காலும் பார்த்தாள். ஆறு பக்கமும் முடிந்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி மேசையில் வைத்தாள். "ஒரு கொமா கூடப் பிழையில்லை."

"அப்ப ஏன் பதில் வரேல்லை?" என்று கேட்டார் சூசைப்பிள்ளை.

எந்த அலுமாரிக்குள் தலையை விட்டுப் பார்ப்பது, எந்தக் கதவுக்கு எந்த இலக்கத்துண்டு எடுப்பது என்று சண்முகலிங்கத்துக்குத் தோன்றவில்லை. "தெரியாது," என்றார்.

தண்ணீர் கொதித்தது. யாரும் எழும்பவில்லை. சூசைப்பிள்ளை அந்த ஆறு பக்கத்தையும் தன் பக்கம் இழுத்து, தனக்கு வாசிக்கத் தெரியாத வரிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார்.

"அண்ணன்," என்றார், குறையாகச் சொல்லாமல், மெல்ல. "இதிலயும் ஒரு பிழை விட்டிருக்கலாமே நீங்க."